மணலில் நட்ட கொடி

சென்னையில் குடியிருந்துகொண்டு, ஒரு மாலைப் பொழுதாவது மெரினா மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடாதவர் யாராவது உண்டா? இருந்தால் அவரை ஒரு தடவை பார்க்க எனக்கு ஆசை. மயிலாப்பூர்க்காரர்கள் கச்சேரி ரோடு வழியாகக் காலாற நடந்தே வந்துவிடுவார்கள். தியாகராய நகர்க்காரர்கள் பஸ் பிடித்து வருவார்கள். அடையாறுக்காரர்களுக்குப் பக்கத்திலேயே பெசன்ட் நகர் கடற்கரை இருக்கிறது, இருந்தாலும், "மெரினா மாதிரி வருமா?" என்று சொல்லிக்கொண்டு இங்கேதான் வருவார்கள்.

அப்படி ஒரு மாலையில், என் தங்கையின் மகளை அழைத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். ஆறு வயதுப் பெண். உழைப்பாளர் சிலையின் எதிரில் நின்று அண்ணாந்து பார்த்தாள். நாலு மனிதர்கள் தசைகள் புடைக்க ஒரு பெரும் பாறையை நெம்பித் தள்ளும் சிலை அது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது. 1959-ம் வருஷம் ஜனவரி 25-ம் தேதி திறக்கப்பட்டது. இதையெல்லாம் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். அதற்குள் அவள் கேட்டாள்:

"மாமா, இவங்கள்ளாம் எப்போ வீட்டுக்குப் போவாங்க?"

பெரிய மனிதர்கள் ஆயிரம் பக்கம் எழுதிக் கேட்ட கேள்வியை, குழந்தை ஒரே வரியில் கேட்டுவிட்டது. நான் பதில் சொல்லத் தெரியாமல் அவளுக்கு ஒரு பஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

ஆனால், நேயர்களே, இதே கடற்கரையில் இதே கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிழவர் கேட்டார். அவருக்குப் பஞ்சு மிட்டாய் கொடுத்துச் சமாளிக்க சர்க்காரால் முடியவில்லை. அதனால் சிறையில் போட்டார்கள். அந்தக் கிழவரின் பெயர் சிங்காரவேலர்.

குப்பத்துப் பிள்ளை

மெரினா சாலையை ஒட்டினாற்போல் அயோத்தியா குப்பம் என்று ஒரு மீனவர் குப்பம் இருக்கிறது. காரில் போகிறவர்களின் கண்ணுக்கு அது சட்டென்று தென்படாது, மூக்குக்குத்தான் தென்படும். 1860-ம் வருஷம் பிப்ரவரி 18-ம் தேதி, வெங்கடாசலம் செட்டியாருக்கும் வள்ளியம்மைக்கும் மகனாக அந்தக் குப்பத்தில் பிறந்தவர் சிங்காரவேலர். மீனவர் குலம், என்றாலும் கொஞ்சம் வசதியுள்ள குடும்பம்.

பையன் திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தான். பிறகு கிறிஸ்துவக் கல்லூரி, மாநிலக் கல்லூரி. கடைசியாகச் சட்டப் படிப்பை முடித்து 1907-ல் ஹைக்கோர்ட்டு வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 47. மற்றவர்கள் பென்ஷனைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கும் வயதில் அவர் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டார்! இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்க்கை முழுவதும் இதே வேடிக்கைதான். பிறர் ஓயும்போது அவர் தொடங்குவார்.

இதற்கு நடுவில் அரிசி வியாபாரத்துக்காக 1902-ல் லண்டனுக்கும் போய்விட்டு வந்தார். பௌத்தத்தில் ஈடுபாடு ஏற்பட்டு, கடற்கரைச் சாலையில் இருந்த தம் வீட்டிலேயே மகாபோதி சங்கக் கூட்டங்களை நடத்தினார். அந்த வீட்டில் பெரிய புத்தகசாலை ஒன்று இருந்தது. குப்பத்தில் பிறந்து, அலை ஓசைக்கு நடுவே டார்வினையும் மார்க்ஸையும் படித்த அந்த மனிதரைக் கொஞ்சம் மனக் கண்ணால் பாருங்கள்.

அங்கி எரிந்தது

சென்னையில் தொழிற்சங்கம் பிறந்த கதையில் நம் அடையாற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி. பி. வாடியா, பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காக 1918-ம் வருஷம் ஏப்ரல் 27-ம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். திரு. வி. க. துணை நின்றார். நம் தேசத்தின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வது வழக்கம். தொழிலாளர்கள் வந்து சொன்ன குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. பங்களாவும் வேண்டாம், பவுனும் வேண்டாம். சோற்றை மென்று விழுங்க நாலு நிமிஷம் கூடுதலாக வேண்டும்!

1921-ல் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லில் பெரிய வேலை நிறுத்தம் நடந்தது. மாதக் கணக்கில் நீண்டது. துப்பாக்கிச் சூடு வரை போயிற்று. அந்த வருஷந்தான் சிங்காரவேலர் முழு மூச்சாகப் பொது வாழ்வில் இறங்கினார். மகாத்மா காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்று, தம் வக்கீல் அங்கியைப் பகிரங்கமாகக் கொளுத்தினார். இனிமேல் கோர்ட்டுப் படி ஏறுவதில்லை என்று தீர்மானித்தார். வயது 61.

காந்தியிடம் அவருக்கு மரியாதை உண்டு. ஆனால் வாய் மூடி இருக்க மாட்டார். சுயராஜ்யம் வந்தால் உழுகிறவனுக்கும் உழைக்கிறவனுக்கும் என்ன கிடைக்கும் என்று காந்திக்கே பகிரங்கக் கடிதம் எழுதிக் கேட்டார். 1922 டிசம்பரில் சித்தரஞ்சன் தாஸ் தலைமையில் கயாவில் காங்கிரஸ் மகாசபை கூடியது. அந்த மேடையிலேயே, தாம் ஒரு கம்யூனிஸ்டு என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த வார்த்தையைச் சொன்னாலே போலீஸார் பின்னால் வரும் காலம் அது. கூட்டத்தில் இருந்தவர்கள் வியந்திருப்பார்கள். பின் வரிசையில் இருந்த ரகசியப் போலீஸார் சுறுசுறுப்பாகக் குறிப்பு எடுத்திருப்பார்கள்!

மே மாதம், முதல் தேதி

மே தினத்தின் பூர்வ கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1886-ம் வருஷம் மே முதல் தேதி, "எட்டு மணி நேரந்தான் வேலை" என்று கேட்டுத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அடுத்த சில நாட்களில் சிகாகோ நகரத்தில் ரத்தம் சிந்தியது. 1889-ல் பாரிஸில் கூடிய சோஷலிஸ்டு மகாநாடு, மே முதல் தேதியை உலகத் தொழிலாளர் தினமாகக் கொண்டாடத் தீர்மானித்தது. எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம் என்பது அவர்கள் கணக்கு. கூட்டிப் பாருங்கள், சரியாக இருபத்து நாலு வரும். ஆனால் முதலாளிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு எப்போதும் தப்பாகவே வரும்.

நம் நாட்டில் நிலைமை எப்படி? 1922-ல் திருத்திய தொழிற்சாலைச் சட்டப்படி ஒரு நாளைக்கு 11 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். அதையே பெரிய தர்மம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

1923-ம் வருஷம் மே முதல் தேதி சிங்காரவேலர் சென்னையில் இரண்டு இடத்தில் கூட்டம் கூட்டினார். ஒன்று ஹைக்கோர்ட்டுக்கு எதிரேயுள்ள கடற்கரை. மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை. இந்தியாவில் மே தினம் கொண்டாடப்பட்டது அதுதான் முதல் தடவை. ஹிந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சி என்ற புதுக் கட்சியையும் அன்றே ஆரம்பித்து வைத்தார். மே தினத்தை விடுமுறை நாளாக அறிவிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

அன்றைக்குப் பிடித்த செங்கொடி, வீட்டில் இருந்த மகளின் சிவப்புப் புடவையைக் கிழித்துச் செய்தது என்று ஒரு கதை உண்டு. சென்னைத் தொழிலாளர் குடும்பங்களில் பாட்டிமார்கள் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை. எங்கோ சிகாகோவில் பிறந்த கொடி, சென்னைக்கு வந்ததும் வீட்டுப் புடவையாகிவிட்டது பாருங்கள்!

தீர்மானம் போட்டாயிற்று, விடுமுறை எப்போது கிடைத்தது? 1967-ல் அண்ணாதுரை முதலமைச்சரான பிறகுதான் தமிழ்நாட்டில் மே தினம் விடுமுறையாயிற்று. ஒரு நாள் லீவு வாங்க 44 வருஷம்! உங்கள் ஆபீஸில் காஷுவல் லீவுக்கு மேலதிகாரி முகம் சுளிக்கும்போது இதை நினைத்து ஆறுதல் அடையலாம்.

கிழவரும் இளைஞர்களும்

1921-ல் சீனாவில் ஷாங்காய் நகரத்தில் கம்யூனிஸ்டுக் கட்சியைத் தொடங்கக் கூடியவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். மா சே துங்குக்கு அப்போது வயது 27. நம் நாட்டில் 1925 டிசம்பரில் கான்பூரில் முதல் கம்யூனிஸ்டு மகாநாடு கூடியபோது, தலைமை வகித்த சிங்காரவேலருக்கு வயது 65! கிழவர்களால் புதுமை செய்ய முடியாது என்று யார் சொன்னது? அதே சீனாவில் 1978-ல் பொருளாதாரச் சீர்திருத்தங்களைத் தொடங்கி வைத்த டெங் சியாவோ பிங்குக்கு அப்போது வயது 74.

அதற்கு முந்தின வருஷமே, கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்கில் சிங்காரவேலரின் பெயரையும் சேர்த்திருந்தார்கள். டாங்கே, முஸாபர் அஹமத் முதலியவர்களுக்கு நாலு வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது. சிங்காரவேலர் நோயாகப் படுத்திருந்ததால் அவரைக் கூண்டில் ஏற்றவில்லை. "போகட்டும், கிழவர் இனிமேல் எழுந்திருக்க மாட்டார்" என்று சர்க்கார் நினைத்திருக்கலாம். அங்கேதான் அவர்கள் கணக்கு தப்பியது.

1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். பட்டறைகளைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றி, ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பக் கம்பெனி திட்டம் போட்டிருந்தது. நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் அடுப்பு அணையும் நிலை. 68 வயது சிங்காரவேலர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். வேலை நிறுத்தம் முறிந்தது; தலைவர்கள் கைதானார்கள். முதலில் அவருக்கு விதித்த தண்டனை என்ன தெரியுமா? பத்து வருஷம்! அப்பீலில் அது குறைந்து, 1930-ல் வெளியே வந்தார். அப்போது அவருக்கு வயது 70.

நம் வீட்டுப் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். எழுபது வயதில் சாய்வு நாற்காலி, பத்திரிகை, பேரன் கொண்டுவந்து கொடுக்கும் காப்பி. இதில் தவறு ஒன்றும் இல்லை. ஓய்வு மனிதனுக்குப் பிறப்புரிமை. அந்தப் பிறப்புரிமை எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தமக்குரிய ஓய்வை விட்டுக் கொடுத்தவர் அவர்.

வயிறும் மூளையும்

சிறையிலிருந்து வந்த பிறகாவது சும்மா இருந்தாரா? இல்லை. பெரியார் ஈ. வெ. ரா. சோவியத் நாட்டுக்குப் போய்விட்டு 1932 கடைசியில் திரும்பினார். அந்த டிசம்பரில் ஈரோட்டில் இருவரும் கலந்து வகுத்ததுதான் ஈரோட்டுத் திட்டம். 'குடி அரசு' பத்திரிகையில் சிங்காரவேலர் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதினார். பொருளாதாரம் மட்டும் அல்ல. வானத்து நட்சத்திரங்கள் என்ன, மனிதன் எப்படித் தோன்றினான், பேய் பிசாசு உண்டா என்றெல்லாம் தமிழில் விஞ்ஞானம் எழுதினார். வயிற்றுப் பசி தீர்ந்தால் போதாது, மூளையில் கட்டிய விலங்கும் கழல வேண்டும் என்பது அவர் கொள்கை. மேற்கே பல கம்யூனிஸ்டுகள் கூலியை மட்டும் பேசிக்கொண்டிருந்தபோது, இந்த நாட்டில் சாதியையும் சேர்த்துப் பேசாமல் கதி இல்லை என்று அவர் கண்டுகொண்டார். குப்பத்தில் பிறந்தவருக்கு அதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை அல்லவா?

அந்தக் கூட்டுறவு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1934-ல் சர்க்கார் கம்யூனிஸ்டுக் கட்சிக்குத் தடை போட்டது. அடக்குமுறை கடுமையாக இருந்ததால் பெரியார் அந்தத் திட்டத்தைத் தள்ளி வைத்தார். இருவர் வழியும் பிரிந்தன. சிங்காரவேலர் 'புது உலகம்' என்று சொந்தப் பத்திரிகை தொடங்கினார். காங்கிரஸ், பௌத்தம், சுயமரியாதை, கம்யூனிஸம் எல்லாவற்றிலும் புகுந்து பார்த்த மனிதர். நிலையில்லாதவர் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல வாசல்களைத் தட்டினார். தட்டியது ஒரே காரியத்துக்காக.

1945-ம் வருஷம், 85-ம் வயதில், சென்னை அச்சுத் தொழிலாளர் மகாநாட்டில் பேசினார். அச்சுக் கோத்துப் புத்தகம் கொடுத்தவர்களுக்குப் புத்தகப் பிரியர் செலுத்திய கடைசி நன்றி என்று வைத்துக்கொள்ளலாம். 1946-ம் வருஷம் பிப்ரவரி 11-ம் தேதி காலமானார். அதே வருஷத்தில்தான் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்பது சட்டமாயிற்று. நாளைக்கு எட்டு மணி வீதம், ஆறு நாள். கேட்டவர் போய்ச் சேர்ந்த பிறகு கேட்டது கிடைத்தது.

அவர் விட்டுப் போனது

ராஜாஜி சாலையில் சென்னைக் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் கட்டடத்துக்குச் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். 2006-ல் அவர் உருவம் பொறித்த தபால் தலை வந்தது. தியாகராய நகரில் இரண்டு கம்யூனிஸ்டுக் கட்சிகளின் மாநிலத் தலைமை அலுவலகங்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. எல்லாம் சரி. ஆனால் அவருடைய உண்மையான சொத்து அந்த எட்டு மணி நேரந்தான். அது பத்திரமாக இருக்கிறதா?

2023-ம் வருஷம் ஏப்ரல் 21-ம் தேதி தமிழ்நாடு சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறியது. தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்டிக்க அது வழி செய்தது. வாரத்தில் நாலே நாள் வேலை, மூன்று நாள் லீவு, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டுமே என்றெல்லாம் சர்க்கார் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றாம் நாளே மசோதாவை நிறுத்தி வைத்தார்கள். பத்தாம் நாள், மே தினத்தன்று, மசோதா வாபஸ் ஆகிவிட்டது என்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார்.

தேதியைக் கவனித்தீர்களா? 2023 மே 1. சிங்காரவேலர் மணலில் கொடி நட்டு அன்றோடு சரியாக நூறு வருஷம்!

போன வாரம் நொச்சிக்குப்பம் மீன் அங்காடிக்குப் போனேன். 2024-ல் திறந்த புதுக் கட்டடம். கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, "இன்னா தம்பி, வஞ்சிரமா, சங்கராவா?" என்றாள்.

"ரெண்டும் அப்புறம் ஆயா. சிங்காரவேலரைத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? கலெக்டர் ஆபீசுல பேரு வச்சிக்கிறாங்களே, அவருதானே? எங்காளு!"

"உங்க ஆளு எட்டு மணி நேரந்தான் வேலைன்னு சொன்னாரே. உங்களுக்கு அது உண்டா?"

கிழவி பொக்கை வாய் திறந்து சிரித்தாள். "கடலுக்குப் போறவனுக்கு மணி ஏது தம்பி? காத்து போன்னா போவணும், வான்னா வரணும். எனக்கு? இந்தக் கூடை காலியாவணும், அதான் மணி."

அன்று இரவே தியாகராய நகரில் ஒரு காரியம் இருந்தது. முடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது மணி பத்தே கால். துணிக்கடை யூனிபாரம் போட்ட ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் ரோட்டிலும் நமக்குப் புடவை விரித்துக் காட்டும் ஆயிரம் பெண்களில் ஒருத்தி.

பேச்சுக் கொடுத்தேன். காலை ஒன்பதரைக்கு வந்தவளாம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் செய்தார்களே, ஏதாவது பயன் உண்டா என்று விசாரித்தேன்.

"ஸ்டூல் போட்டிருக்காங்க சார். கூட்டம் இல்லாதப்போ உக்காரலாம்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கூட்டம் இல்லாத நாள்தான் வரமாட்டேங்குது."

பஸ் வந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடி ஏறினாள்.

நேயர்களே, அடுத்த தடவை பண்டிகைக்கு ஜவுளி எடுக்கப் போகும்போது, இருபதாவது புடவையை விரிக்கச் சொல்லுவதற்கு முன்னால், கடிகாரத்தை ஒரு தடவை பாருங்கள். மெரினாவில் சிலைக்கு எதிரே உங்கள் குழந்தை நின்றால், அவர்கள் எப்போ வீட்டுக்குப் போவார்கள் என்று கேட்கும். பஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுங்கள், தவறில்லை. அதோடு, அந்தக் கேள்வியை முதலில் கேட்ட தாத்தாவின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். நான் அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

கேட்டுவிட்டு என் மருமகள் சொன்னாள்: "அந்தத் தாத்தா பாவம் மாமா. அவரே வீட்டுக்குப் போகலையே!"